கார்த்திகையில் காட்டிய தண்ணீர்

பதிவு பெறாத ஒரு நிலத்தை, என் பெயருக்குக் கிடைத்திருந்த பதிவு எண்ணைக் காட்டி, பாம்பனைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு விற்றுக் கொடுத்தேன். அந்த இடத்தில் சித்திரையிலும் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று அவளிடம் சொன்னேன். கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னை ஏமாற்றவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போகும் எதையும் யாரும் சாக்காக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

நான் படித்தது நிலவியல். அரசு வேலையில் முப்பது ஆண்டுகள், இந்த மாவட்டத்தின் கடலோரக் கிணறுகளை அளப்பதே என் உத்தியோகம். நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மாதந்தோறும் எழுதி அனுப்புவேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை பல ஊர்களில் என் பெயர் யாருக்கும் தெரியாது. ‘தண்ணி சார்’ என்றால் தெரியும். வீடு கட்டப்போகிறவர்கள் கிணறு தோண்டும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்ப்பேன். காசு வாங்கியதில்லை.

இந்தக் கரையில் மணலுக்கு அடியில் எப்போதும் கடல் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழைத்தண்ணீர் அந்த உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கும். தைக்குப் பிறகு தேய ஆரம்பிக்கும். மேடான மணலில் ஆண்டு முழுவதும் கொஞ்சம் மிஞ்சும். பள்ளத்தில் பங்குனிக்கே தீர்ந்துவிடும். அதற்குமேல் ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் கடல்தான் மேலே வரும். இதை நான் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் மனைத் தரகுக்கு வந்தேன். தரகர்கள் மாநில மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. ஊர் வாயில் அதற்கு ரெரா என்று பெயர். எங்கள் பக்கத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் நிலத்தின் படத்தைக் காட்டி, இரண்டு பக்கமும் பேசி முடிக்கிறவர்தான் தரகர். நான் முறையாக விண்ணப்பித்தேன். சான்றிதழ் வந்ததும் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினேன். பதிவு இல்லாத மனைப்பிரிவில் எதையும் விற்க உதவக் கூடாது, வாங்குகிறவரிடம் பொய்யான தகவல் சொல்லக் கூடாது என்ற நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். மற்றத் தரகர்கள் இடத்தைக் காட்டினால், ஜனங்கள் “தண்ணி சாருட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவம்” என்று என்னிடம் வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி ஒருவர் பெரிய மனைப்பிரிவு போட்டார். அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். சாலையை ஒட்டிய முன்பகுதி மேட்டு நிலம். அதற்கு நகரமைப்பு அனுமதி இருந்தது, ஆணையத்தின் பதிவு எண்ணும் இருந்தது. அந்த மனைகளை நான் மனசாட்சி உறுத்தாமல் விற்றேன். பின்பகுதி பள்ளம். உடைமரங்களை வெட்டிவிட்டுச் செம்மண் கொட்டி நிரவியிருந்தார். அதற்கு அனுமதியும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனால் புதிதாக அச்சடித்து வந்த நோட்டீசில் இரண்டு பகுதியும் ஒரே வரைபடமாக இருந்தன. கீழே முன்பகுதியின் எண். அதற்கும் கீழே என் பெயரும் என் தரகர் எண்ணும்.

“பின்பக்கத்துக்கு நம்பர் எங்கே?” என்று கேட்டேன்.

“மனு போட்டிருக்கு சார். வந்துரும்” என்றார் முதலாளி.

“வந்த பிறகு விக்கலாமே.”

“தைக்குள்ள விக்கணும் சார். சித்திரை வரைக்கும் போனா இங்கன ஒருத்தன் வாங்க மாட்டான். அது ஒங்களுக்குத் தெரியாததா?” என்று சிரித்தார். பிறகு கையால் முன்பகுதியின் மூலையைக் காட்டினார். “அந்தக் கார்னர் மனையப் பாத்தீங்களா? பின்னாடி பன்னண்டு மனையும் போச்சுன்னா அது ஒங்க பேருக்கு. நான் வாய் தவற மாட்டேன்.”

சித்திரையைப் பற்றி அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்தக் கரையில் மனை வாங்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பார்கள். மணலில் முழங்கை ஆழத்துக்கு, சில இடங்களில் இடுப்பளவுக்கு, ஊத்துத் தோண்டுவார்கள். ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடிப்பார்கள். ஒரு கேனில் பிடித்துக்கொண்டு போய் அதில் பருப்பு வேகவைத்துப் பார்ப்பார்கள். உப்பேறிய சவர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. விவரம் தெரிந்தவர்கள் இதையெல்லாம் பங்குனி, சித்திரையில்தான் செய்வார்கள். மழை முடிந்த கையோடு பார்த்தால் எந்தப் பள்ளமும் இனிக்கும்.

அவள் வந்தது கார்த்திகையில். பாம்பனில் கருவாடு வாங்கி விற்கிறவள், நாற்பது வயதுக்குள் இருக்கும். வீடு கடலை ஒட்டிய புறம்போக்கில். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே வந்துவிடும், சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் மண்டபத்தில் போய்த் தங்குவார்கள். பட்டா உள்ள இடத்தில் ஒரு வீடு. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. முன்பகுதி மனைகள் அவள் கைக்கு எட்டவில்லை. நான் பின்பகுதிக்குக் கூட்டிப்போனேன்.

மண்வெட்டி அவளே கொண்டுவந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோண்டினாள். இரண்டடியிலேயே ஊறியது. கலங்கல் அடங்கும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரட்டையில் மொண்டு வாயில் வைத்து, விழுங்காமல் நாக்கில் சற்று நேரம் வைத்திருந்தாள்.

“இளநி கணக்கா இருக்கு சார்.”

“ஆமாம்” என்றேன்.

“சித்திரையில வந்து பாக்கணும்னு எங்க மாமியா சொல்லுச்சு. மழக்காலத்துல பாத்து வாங்காதடின்னு.”

இந்த இடத்தை நான் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். ‘உன் மாமியார் சொல்வது சரி’ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட அவள் சித்திரைக்குக் காத்திருப்பாள். நான் பேசினேன்.

“உங்க மாமியாருக்கு அந்தக் காலத்துக் கணக்கு. நான் முப்பது வருஷம் இந்தக் கரையில தண்ணி அளந்தவன். இந்த இடம் சித்திரையிலயும் இப்படித்தான் இருக்கும்.”

அவள் முகத்தில் சந்தேகம் போய்விட்டது. கண்ணெதிரே போனது. “நீங்களே சொன்ன பெறவு என்ன சார்” என்று சொல்லிவிட்டு ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். பருப்பு பூவாக வெந்தது என்று மறுநாள் போன் செய்தாள். நோட்டீசில் இருந்த என் தரகர் எண்ணையும் அவள் விடவில்லை. அவள் தங்கை மகன் யாரோ கம்ப்யூட்டரில் என் எண்ணைத் தட்டிப் பார்த்து, “சார் பேரு கவர்மெண்டுல இருக்கு” என்று சொல்லியிருக்கிறான். உண்மைதான், இருந்தது.

பத்திரம் எழுதுகிற இடத்தில் இன்னொரு வாய்ப்பு வந்தது. அனுமதி இல்லாத இடத்தை வீட்டு மனை என்று எழுதிப் பதிவு செய்ய முடியாது. அதனால் புஞ்சை நிலம் என்று எழுதியிருந்தார்கள். அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். அந்தச் சொல்லில் விரல் நின்றது.

“இது என்ன சார், புஞ்சைன்னு போட்டிருக்கு? நாங்க வெள்ளாமையா பண்ணப் போறோம்?”

முதலாளி என்னைப் பார்த்தார். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“பழைய கணக்குல அப்படித்தான் இருக்கும்மா. பிறகு மாறிடும்.”

அவள் கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். கடலில் நின்று கறுத்த மனிதர், அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். “சார், படக வித்தாச்சு. அந்தக் காசுதான் இது. ஒன்னும் வில்லங்கம் வராதுல்ல?”

படகை விற்ற விஷயம் எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். சொந்த நாட்டுப்படகை விற்றுவிட்டு அவர் அடுத்தவரின் விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் “வராது” என்றுதான் சொன்னேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

தை முடிவதற்குள் பன்னிரண்டு மனைகளும் விற்றுப்போயின. மூலை மனை என் பெயருக்கு வந்தது. முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

பங்குனியில் ஒரு காலை, வெயில் ஏறிய பிறகு, அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். என் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. பாட்டிலை என் மேசைமேல் வைத்தாள்.

“குடிங்க சார்.”

“என்னம்மா இது?”

“எங்க மனைத் தண்ணி. போர் போட்டம். குடிங்க.”

நான் தொடவில்லை. என் மனைவி என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பிளான் போடப் போனா, இது அப்ரூவல் இல்லாத எடம், வீடு கட்டவே ஏலாதுங்காக. கரண்டு கேட்டா அதுக்கும் அதே பேச்சு. சரி, சாரு மாறும்னாக, மாறட்டும்னு இருந்தம். தண்ணியாச்சும் இருக்குன்னு போர் போட்டா இதுதான் வருது. குடிங்க சார், குடிச்சுட்டுச் சொல்லுங்க.”

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. “ஆழமாப் போட்டுட்டீங்கம்மா. மேலாகப் போட்டிருந்தா...” என்று ஆரம்பித்தேன். ஏமாந்தவள் மேலேயே பழியைத் திருப்பினேன். பிற்பாடு ஆணையத்தில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது இதுதான். சட்டம் இதற்கு ஒரு பிரிவும் வைத்திருக்கவில்லை.

அவள் கத்தவில்லை. பாட்டிலின் மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்துக் குடித்தேன். என்ன ருசி என்று குடிப்பதற்கு முன்பே தெரியும். விழுங்கினேன்.

“படகும் இல்ல, வீடும் இல்ல” என்றாள். “எங்க மாமியா தெனமும் கேக்குது, தண்ணி சார் என்ன சொன்னாருன்னு. நான் என்னத்தச் சொல்ல?” பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று மதியம் என் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “அந்த எடத்துத் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“தெரியும்.”

“அந்த மூலை மனை அதுக்குத்தானா?”

“ஆமாம்.”

அவள் எழுந்துபோய் முன்னறையில் இருந்த சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இத நீங்களே வச்சுக்கங்க. வர்றவங்க போறவங்க பாக்கற எடத்துல வேண்டாம். எனக்குக் கூசுது.” அதற்குப் பிறகு பல மாதம் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போனேன். அந்த ஒரு மனையையாவது திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மோர் வரவழைத்தார்.

“ஒருத்தருக்குக் குடுத்தா பன்னண்டு பேரும் வருவாக சார். முடியுமா?”

“அப்படின்னா நான் ஆணையத்துல போய்ச் சொல்லவேண்டி வரும்.”

அவர் கோபப்படவில்லை. மேசை டிராயரிலிருந்து பழைய நோட்டீசை எடுத்து, என் எண்ணின் மேல் விரலை வைத்தார். “யாரு நம்பர் சார் இது? நான் எங்கயாச்சும் பின்பக்கத்துக்கு நம்பர் இருக்குன்னு சொன்னேனா? தண்ணி நல்லா இருக்குன்னு நான் சொன்னேனா? சாட்சிக் கையெழுத்து யாருது? போங்க சார், போய்ச் சொல்லுங்க. மொதல்ல ஒங்களத்தான் தொவைப்பாக. இந்த வயசுல பேப்பர்ல பேரு வரணுமா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மோர் குடிங்க.”

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பயமாக இருந்தது. எதிரே யாராவது “சார்” என்று கும்பிட்டால்கூட, இவருக்குத் தெரியுமோ என்று நினைத்தேன். நான்கு நாட்கள் எதுவும் செய்யவில்லை. முதலாளி சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வாங்க வந்தவளிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் என் வாயால்தான் சொல்ல வைத்திருந்தார். அப்படியானால் உண்மையைச் சொல்லவும் என் வாய்தான் வேண்டும். ஐந்தாம் நாள் உட்கார்ந்து அவள் பெயரில் ஒரு புகார் எழுதினேன். எதிர்மனுதாரர் ஒன்று, முதலாளி. எதிர்மனுதாரர் இரண்டு, நான். கார்த்திகையில் ஊத்து ஓரத்தில் நான் சொன்னது, பத்திரம் எழுதும் இடத்தில் சொன்னது, இரண்டையும் சொன்னபடியே எழுதி, பொய் என்று தெரிந்தே சொன்னேன் என்பதையும் சேர்த்தேன். நோட்டீசின் நகலையும் வைத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போனேன். வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அவள் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“எதுக்கு வந்தீக? இன்னும் என்ன மனை பாக்கி இருக்கு விக்கிறதுக்கு?”

“புகார் எழுதிக் கொண்டுவந்திருக்கேன். உங்க மனைவி கையெழுத்துப் போட்டா ஆணையத்துக்கு அனுப்பலாம்.”

“நீங்க எழுதுனதா? அதுல நாங்க கையெழுத்துப் போடணுமா?” அவர் சிரித்துவிட்டார், அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி. “இந்தா பாரு, நரி வந்து ஆட்டுக்கு மனு எழுதிக் குடுக்குது.”

“படிச்சுப் பாருங்க” என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். பத்திரத்தைப் படித்ததைப் போலவே விரல் வைத்துப் படித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் வெயிலில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார முடிந்திருக்காது.

“ரெண்டாவதா போட்டிருக்கது ஒங்க பேருதானா?”

“ஆமாம்மா.”

“ஒங்க மேலயே நீங்க எழுதியிருக்கீகளா?”

“ஆமாம்.”

“இதுனால ஒங்களுக்கு என்ன ஆகும்?”

“பதிவு போகும். அபராதம் வரும்.”

கணவர் குறுக்கே வந்தார். “இதுல என்னமோ இருக்குடி. கோயில்ல சாமியாருட்டக் காட்டாம போடாத.” அவள் தலையாட்டினாள். தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். காக்காய்கள் நெத்திலியில் இறங்கின. விரட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். பாதிரியார் படித்துவிட்டு, அந்தப் பெரியவர் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறார், உங்களுக்கு இதில் கெடுதல் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அவள் பேனாவை வாங்கினாள். “ஒங்கள நம்பிப் போடல சார். இது ஒங்களுக்கு எதிரா இருக்குன்னுதான் போடுறேன்.”

விசாரணை பல மாதம் இழுத்தது. முதலாளியின் வக்கீல் ஒவ்வொரு தடவையும் நாள் கேட்டார். இடையில் என் போனுக்குப் பெயர் சொல்லாத சிலர் பேசினார்கள். ஒருமுறை என் மனைவி எடுத்தாள். “வயசான காலத்துல கீழ விழுந்துறப் போறாரு, பாத்துக்கங்கம்மா” என்று யாரோ சொல்லியிருக்கிறான். அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, “விழுந்தாலும் பரவாயில்ல, சொல்லவேண்டியதச் சொல்லிட்டு விழுங்க” என்றாள். பல மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

கடைசி விசாரணை காணொளியில் நடந்தது. ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில், திரைக்கு முன்னால் நானும் அவளும் அவள் கணவரும் உட்கார்ந்தோம். முதலாளியின் வக்கீல் எனக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது, மூலை மனை விஷயத்தில் ஏதோ மனத்தாங்கல் என்றார். திரையில் இருந்த அதிகாரி என்னைக் கேட்டார். “நீங்கள் சொல்வது உங்களுக்கே எதிரானது. தெரிந்துதான் சொல்கிறீர்களா?”

“தெரிந்துதான் சொல்கிறேன்.”

“அந்த நிலத்துத் தண்ணீர் கோடையில் உப்பாகும் என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

பக்கத்தில் இருந்த அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். இந்தக் கேள்வியை அவள் என்னிடம் ஒருமுறையும் நேராகக் கேட்டதில்லை. நான் தவறிப்போய்ச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு மூலையில் நினைத்திருப்பாள் போலும். புகாரில் எழுதியிருந்தும், நான் வாயால் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது.

“தெரியும்” என்றேன். “சித்திரையில் பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான்.”

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

உத்தரவு வந்தது. என் பதிவு ரத்து, அபராதம் தனி. முதலாளி அவளுடைய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், பின்பகுதியில் இனி எதையும் விற்கக் கூடாது. நான் அபராதத்தைக் கட்டினேன். முதலாளி மேல்முறையீடு செய்தார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உத்தரவு வந்ததும் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. பின்பகுதியில் மனை வாங்கிய மற்றப் பதினொரு பேரில் பாதிப் பேர் என்மேல் கொதித்தார்கள். அனுமதி என்றாவது வந்துவிடும், வராவிட்டாலும் வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று இருந்தவர்கள் அவர்கள். வளைகுடாவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் கடைத்தெருவில் என்னை மறித்தார். “ஏன் சார், ஒங்க பாவத்தக் கழுவுறதுக்கு எங்க மனையில வந்தா கால் கழுவுவீங்க? ஒரு பார்ட்டி அட்வான்ஸ் குடுக்க வந்தான். கேஸ்னு கேட்டதும் ஓடிப்போயிட்டான். அல்லா ஒங்களக் கேப்பான்.” அவரும் என்னை நம்பித்தான் வாங்கினார். நீங்களும் புகார் கொடுங்கள், நான் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து வந்து புகார் எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இதுவரை நான்கு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான்கிலும் நான் எதிர்மனுதாரர்.

மூலை மனையை அவளுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது மேடு, அனுமதி உள்ளது, தெருக்குழாய் வருகிறது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வேண்டாம் என்றாள்.

“அங்கன நான் வீடு கட்டிக் குடி போனா, பின்னாடி ஏமாந்தவுக என்ன நெனப்பாக? சாரோட சேந்து இவளும் ஆள் புடிச்சுக் குடுத்தான்னு நெனப்பாக. எங்க ஓர்ப்படியா ஒருத்தியும் என் பேச்சக் கேட்டு அங்கன வாங்கியிருக்கா, தெரியுமா ஒங்களுக்கு? அவ மூஞ்சில நான் எப்படி முழிக்க?”

எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் கணவர் மட்டும் வந்தார். வாசலிலேயே நின்றார். “மனை வேணாம். படகு குடுப்பீகளா?” என்றார். “ஓசிக்கு இல்ல. கேஸ் பணம் வந்ததும் திருப்பிருவேன். எழுதி வாங்கிக்கங்க.”

மூலை மனையை விற்றேன். அனுமதி, பதிவு, தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கியவரிடம் உள்ளபடி சொல்லி விற்றேன். அந்தப் பணத்தில் ஒரு பழைய நாட்டுப்படகு கிடைத்தது. எழுதி வாங்கவில்லை. அவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இனாமாக வாங்கினால் என்னை மன்னித்ததாக ஆகிவிடும் என்று நினைத்தார் என்று எனக்குத் தோன்றியது. தாளை வைத்திருக்கிறேன்.

போன மழையில் பாம்பன் கரையில் தண்ணீர் மறுபடியும் வீடுகளுக்குள் வந்தது. நான் போனேன். அவர்கள் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள், இருபது முப்பது குடும்பத்தோடு. அவள் ஒரு தூணோரம் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. “யாரு வந்திருக்கது?” என்று கேட்டார். அவள் என் பெயரையும் சொல்லவில்லை, தண்ணி சார் என்றும் சொல்லவில்லை. “கேசுக்காரரு” என்றாள்.

படகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மேலே ஏற்றிக் கட்டியாச்சு என்றாள். வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். மாமியாரின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பிறகு அவளாகவே கேட்டாள். “அப்பீல் எப்ப வருது?”

“மார்கழியில கூப்பிடுவாங்க போலிருக்கு.”

“நீங்க வருவீகளா?”

“வருவேன்.”

“வரணும். நீங்க இல்லாட்டி அந்த ஆளு எல்லாத்தையும் இல்லைன்னு சாதிச்சிருவான்.” என்னை மேலும் கீழும் பார்த்தாள். மண்டபத்துப் படியில் ஏறி வந்ததில் எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீகளா?”

“போடுறேன்.”

“போடுங்க. கேஸ் முடியிற வரைக்கும் இருக்கணும்.”

அது பாசத்தில் கேட்டதில்லை. நான் செத்துவிட்டால் அவளுக்குச் சாட்சி இல்லை, அவ்வளவுதான். சரியான கவலை. அது ஏன் எனக்கு முன்பே வரவில்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து வெட்கப்பட்டேன். மறுநாள் காலையிலேயே வக்கீலிடம் போய், நான் சொன்னதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து பிரமாணப் பத்திரமாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். நான் இல்லாமல் போனாலும் அது பேசுமா என்று வக்கீலைக் கேட்டேன். ஓரளவு பேசும், ஆனால் நீங்கள் நேரில் இருப்பது வேறு என்றார். ஒரு நகலை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததா என்று தெரியவில்லை.

மார்கழி போய்விட்டது. வழக்கு மறுபடி தள்ளிப்போயிருக்கிறது. அவர்கள் தண்ணீர் வடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.